உட்கார்ந்ததற்கு ஒரு மெமோ

எனக்கு வந்த முதல் மெமோவை இன்னும் வைத்திருக்கிறேன். நான்காக மடித்து, மடிப்பெல்லாம் கிழிந்துபோய், ஒரு பழைய டைரிக்குள் கிடக்கிறது. "நேற்றிரவு பணியின்போது, அதிகாலை 4.40 மணியளவில், தாங்கள் காலணிகளைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்து அமர்ந்திருந்தது மேற்பார்வையின்போது கண்டறியப்பட்டது. இது பணி ஒழுங்குக்கு முரணானது. 24 மணி நேரத்துக்குள் எழுத்துமூலம் விளக்கம் அளிக்கவும்." கீழே ஒரு கையெழுத்து, முத்திரை, கடித எண்.

அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. உட்கார்ந்துதான் இருந்தேன். ஷூவைக் கழற்றித்தான் வைத்திருந்தேன். சாய்ந்திருந்தேனா என்பது நினைவில்லை. சாய்ந்திருப்பேன்.

அந்தத் தாளில் இல்லாதது 3.10 மணி. அன்று வார்டில் 26 பேர். டியூட்டி ஏறும்போது நர்ஸ்கள் நாங்கள் இரண்டு பேர். பதினோரு மணிக்கு ஐசியூவில் ஆள் போதவில்லை என்று இன்னொரு சிஸ்டரை அங்கே அனுப்பச் சொல்லிவிட்டார்கள். 14ஆம் படுக்கையில் ஒரு பெரியவர், மூச்சுவிடக் கழுத்தில் துளையிட்டு டிரக்கியாஸ்டமி குழாய் போட்டவர். ஒரு ஆன்டிபயாட்டிக்கை ஏற்றிவிட்டு அவர் படுக்கையைக் கடந்தபோது அவருடைய மூச்சின் சத்தம் மாறியிருந்தது. பாதி அடைத்த குழாயில் காற்று நுழைகிற சத்தம். ஒருமுறை கேட்டவர்களுக்குத் தூக்கத்திலும் அடையாளம் தெரியும்.

சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, 84 காட்டியது. சளியை உறிஞ்சும் சக்ஷன் குழாயை இறக்கினேன், இறங்கவில்லை. 78. சளி காய்ந்து கோந்து மாதிரி உள்குழாயை அடைத்துக்கொண்டிருந்தது. உள்குழாயைத் திருகி வெளியே எடுத்தேன். 71. தலைமாட்டில் மாற்று உள்குழாய் இருந்தது. டியூட்டி ஏறியதும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான் என்பதால், கை தேடாமலே அதைப் போய் எடுத்தது. ஆக்சிஜன், மறுபடி சக்ஷன், டாக்டருக்கு போன், மறுபடி சக்ஷன். பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் விரல் பதிந்துவிட்டது. சாச்சுரேஷன் 94ஐத் தொட்டு அங்கேயே நின்றபோது மணி 4.25. மீதி 25 பேரில் மூன்று பேருடைய டிரிப் முடிந்திருந்தது, ஒருவர் பெட் பேனுக்காகக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்திருந்தார். அதையெல்லாம் பார்த்துவிட்டு, நடந்ததைக் கேஸ் ஷீட்டில் எழுத உட்கார்ந்தேன். அப்போதுதான் பாதம் வீங்கி ஷூவுக்குள் இறுகியிருப்பது தெரிந்தது.

ரவுண்ட்ஸ் வந்த நைட் சூப்பர்வைசர் முதலில் என் காலைப் பார்த்தார். பிறகு கவுன்ட்டர் மேல் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தார். அதுவும் அங்கே இருக்கக் கூடாது. ஒன்றும் பேசாமல் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டு போய்விட்டார். "என்னம்மா, ரொம்ப கஷ்டமான நைட்டா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை, நானாகச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. அந்த நேரத்தில் நாக்கு உலர்ந்து கிடக்கும்.

விளக்கம் எழுத உட்கார்ந்தேன். மூன்று பக்கம் வந்தது. மணிவாரியாக, படுக்கைவாரியாக, அளவுகளோடு. எங்கள் வார்டில் மூத்த அக்கா ஒருவர் இருந்தார், ஓய்வுபெற இரண்டு வருஷம் பாக்கி. வாங்கிப் படித்தார். "நல்லா எழுதியிருக்கடி" என்றார். பிறகு அதை மடித்து என் பையிலேயே செருகிவிட்டு, "இதைக் கொடுக்காதே. 'இனி இதுபோல் நேராது'ன்னு ஒத்தை வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. விளக்கம் கேட்கிறவங்க விளக்கத்துக்காகக் கேட்கலை" என்றார்.

"அப்ப நான் தப்புப் பண்ணினதா ஆயிடாதாக்கா?"

"ஆயிடும். ஆனா அதோட முடிஞ்சிடும். மூணு பக்கம் கொடுத்தா, ஆள் போதலைன்னு மேலிடத்து மேல புகார் எழுதினதா ஆயிடும். அது முடியாது."

ஒத்தை வரிதான் கொடுத்தேன். முடிந்துவிட்டது.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் நாலு பேர் ஒன்றுகூடினால் மெமோக் கதைகள் வந்துவிடும். கொண்டையிலிருந்து ஒரு முடி வெளியே வந்ததற்கு. மருந்து டிராலியின் கீழ்த்தட்டில் பிளாஸ்டர் சுருள் கிடந்ததற்கு. "சார்" என்று சொல்லாமல் "டாக்டர்" என்று சொன்னதற்கு. நோயாளியின் மகனிடம் "கொஞ்சம் பொறுங்க" என்றதை அவர் "கத்தினாங்க" என்று போய்ச் சொன்னதற்கு. ஒரு தோழிக்கு, பணிநேரத்தில் சிரித்ததற்கு மெமோ. அன்று காலைதான் அவள் மூன்று வாரமாகப் பேசாமல் கிடந்த ஒரு நோயாளியைப் பேச வைத்திருந்தாள். அவர் பேசிய முதல் வார்த்தை ஒரு கெட்டவார்த்தை என்பதால் வார்டே சிரித்தது. மெமோ அவளுக்கு மட்டும்.

எல்லாவற்றையும்விட என்னை எரிச்சலூட்டுவது வாசலில் இருக்கும் பஞ்சிங் மெஷின். இரண்டு நிமிஷம் தாமதம் என்றால் சிவப்பில் காட்டும். மூன்று சிவப்பு சேர்ந்தால் அரைநாள் விடுப்பு போகும். ஆனால் ஷிஃப்ட் முடிந்து எத்தனை மணிக்கு வெளியே போனோம் என்பதும் அதே மெஷினில்தான் பதிகிறது. அடுத்த ஷிஃப்டிடம் பொறுப்பை ஒப்படைக்கிற ஹேண்டோவர் வாயால் மட்டும் நடக்கிற காரியமில்லை. ஒவ்வொரு படுக்கையாகப் போக வேண்டும், போதை மருந்துகளை ஆம்பூல் ஆம்பூலாக எண்ணிக் காட்ட வேண்டும், எமர்ஜென்சி டிராலியைத் திறந்து சரிபார்த்துக் கையெழுத்து வாங்க வேண்டும், பாதியில் நிற்கும் ரத்தப் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் வாந்தியெடுப்பார். அதைத் துடைத்துவிட்டுத்தான் போவோம், அப்படியே விட்டுவிட்டுப் போக யாருக்கும் மனம் வராது. தினமும் முக்கால் மணி நேரம் இப்படிப் போகும். அந்த முக்கால் மணி நேரத்துக்கு எந்த நிறமும் கிடையாது. ஒரே மெஷின், ஒரே விரல், ஒரே ஆள். வரும் நேரத்தை மட்டும்தான் படிப்பார்கள்.

சரி, இதெல்லாம் எல்லா வேலையிலும் உள்ளதுதானே என்று கேட்கலாம். உள்ளதுதான். ஆனால் நர்ஸ் வேலையில் ஒரு விசித்திரம் இருக்கிறது: மெமோ பெரும்பாலும் நன்றாக வேலை செய்பவளைத் தேடித்தான் வருகிறது. இதை வெறும் ஆற்றாமையில் சொல்லவில்லை, கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஷிஃப்டில் 14 நோயாளிகள், ஆளுக்கு 6 வேளை மருந்து என்று வையுங்கள். 84 முறை மருந்து கொடுக்க வேண்டும். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஒவ்வொரு முறையும் ஐந்தைச் சரிபார்க்க வேண்டும் என்பது எங்களுக்குப் பாலபாடம். மருந்துக்கு மட்டுமே 420 சரிபார்ப்புகள். ஒவ்வொரு வேளை மருந்தும் கையெழுத்து கேட்கும், ஒவ்வொரு கையெழுத்தும் விட்டுப்போகக் கூடியது. யாருக்கு நரம்பு கிடைக்கவில்லையோ அவர்களுக்கு மருந்து ஏற்றும் ஊசிக்குழாயான கானுலா போட யாரைக் கூப்பிடுகிறார்கள்? கத்தும் நோயாளியை, சாகக் கிடக்கும் நோயாளியை, கேள்வி கேட்கும் உறவினரை யாரிடம் தள்ளுகிறார்கள்? கையில் வேலை உள்ளவளிடம்தான். அவள் 420ஐத் தாண்டி ஐந்நூறைத் தொடுகிறாள். ஸ்டோர் ரூமில் நின்று போன் பார்க்கிறவளுக்கு நூறுதான். அவள் கோப்பு சுத்தமாக இருக்கும். வருஷக் கடைசியில் இரண்டு கோப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்குப் பதவி உயர்வு கொடுப்பீர்கள்?

இந்த ஒழுங்குப் பித்து எங்கிருந்து வந்தது என்று ஒரு காலத்தில் தேடிப் படித்தேன். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலில் போய் நின்றது. 1854இல் கிரிமியப் போரின்போது 38 நர்ஸ்களோடு துருக்கியில் இருந்த ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போனவர். குடித்தவர்களையும் சொல் கேளாதவர்களையும் தயங்காமல் திருப்பி அனுப்பினார். 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது முதல் அணியில் 15 பெண்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் மாதாமாதம் ஒரு தாள் நிரப்பப்பட்டது. நேரம் தவறாமை, அமைதி, நம்பகம், உடல் தூய்மை, உடை நேர்த்தி என்று அதில் கட்டங்கள். நர்ஸ் என்றாலே குடிகாரி, ஒழுக்கமற்றவள் என்று பேசிய காலம் அது. நல்ல குடும்பத்துப் பெண்கள் இந்த வேலைக்கு வர அந்தத் தாள் தேவைப்பட்டிருக்கலாம். அதை இன்றைய அளவுகோலை வைத்துத் திட்ட எனக்கு விருப்பமில்லை.

ஆனால் அதே நைட்டிங்கேல் இன்னொன்றும் செய்தார். செத்தவர்களை எண்ணினார். 1858இல் அவர் அச்சிட்ட வட்ட வரைபடம் புகழ்பெற்றது. போரில் பட்ட காயத்தால் செத்தவர்களைவிட, தடுத்திருக்கக் கூடிய நோயால் செத்தவர்கள் பல மடங்கு என்று நிறம் பிரித்துக் காட்டியது. 1855 மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு ஸ்கூட்டாரியின் சாக்கடைகளைச் சுத்தம் செய்து காற்றோட்டத்தைச் சரிசெய்த பிறகுதான் சாவு மளமளவென்று குறைந்தது. கட்டடத்துக்கு அடியில் இருந்த சாக்கடைதான் கொன்றுகொண்டிருந்தது. எத்தனை நல்ல நர்ஸ் இருந்தும் அதைத் தடுக்க முடியவில்லை என்பதை எண்களை வைத்து ஒப்புக்கொண்டவர் அவர். அவர் விட்டுப்போனவை இரண்டு தாள்கள் என்று நினைத்துக்கொள்வேன்: ஒன்று நர்ஸின் கொண்டையைப் பார்ப்பது, இன்னொன்று சாக்கடையைப் பார்ப்பது. நிர்வாகங்கள் முதல் தாளை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டன.

ஒழுங்கே வேண்டாம் என்று சொல்வதாக நினைக்க வேண்டாம். நீள நகத்துக்கு மெமோ கொடுத்தால் நானே போய் வாங்கிக்கொள்வேன், நகத்துக்கடியில் கிருமி தங்கும். மோதிரம், வளையல், முழங்கைக்குக் கீழே இறங்கும் சட்டைக்கை, இவற்றுக்கும் அப்படித்தான். 1847இல் வியன்னாவில் செம்மெல்வைஸ் என்ற மருத்துவர் பிரசவ வார்டில் கைகழுவச் சொன்னதும் பிரசவித்த தாய்மாரின் சாவு சரிந்தது. அந்த மாதிரி விதியின் பின்னால் ஒரு கிருமி நிற்கிறது. உட்காரக் கூடாது என்ற விதியின் பின்னால் என்ன நிற்கிறது? பார்க்கிறவர் கண்ணுக்குச் சுறுசுறுப்பாகத் தெரிய வேண்டும் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் புலப்படவில்லை. உட்கார்ந்து எழுதினால் கையெழுத்தாவது புரியும்.

பத்து வருஷம் கழித்து நானே வார்டு இன்சார்ஜ் ஆனேன். மேசையின் அந்தப் பக்கம் போன பிறகுதான் சில விஷயங்கள் விளங்கின. இன்சார்ஜுக்கு அதிகாரம் என்று வெளியிலிருந்து தெரிவது உள்ளே ஒன்றுமே இல்லை. ஆள் கேட்டுக் கடிதம் எழுதலாம், எழுதிக்கொண்டே இருக்கலாம். 2002இல் லிண்டா எய்க்கன் குழுவினர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்றது அது. அதை அச்செடுத்து என் கடிதத்தோடு இணைத்தேன். "பார்க்கப்பட்டது" என்று எழுதித் திரும்பி வந்தது.

ஆளைக் கூட்ட முடியாத ஒருவரால் வேறென்ன செய்ய முடியும்? கொண்டையைச் சரிசெய்யச் சொல்ல முடியும். அதற்குப் பணம் ஆகாது, மேலிடத்து அனுமதி வேண்டாம், அன்றைக்கே பலனும் தெரியும். வார்டு நடந்துகொண்டிருக்கிறது, தான் நடத்துகிறோம் என்ற நினைப்பு அந்த இன்சார்ஜுக்கும் வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, புகார்ப் படிவம். நோயாளி தரப்பில் யாராவது புகார் எழுதினால் அது ஒரு படிவமாக வார்டுக்கு வரும். புகாரின் விவரம், தேதி, சம்பந்தப்பட்டவர் பெயர், கடைசியில் "எடுக்கப்பட்ட நடவடிக்கை". அந்தக் கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் படிவம் திரும்பி வரும். "விசாரித்ததில் தவறு ஏதுமில்லை" என்று எழுதினாலும் திரும்பி வரும், அது நடவடிக்கை இல்லையாம். "சம்பந்தப்பட்ட பணியாளருக்கு மெமோ வழங்கப்பட்டது" என்று எழுதினால் போய்விடும், திரும்பாது. இரண்டாவது மாதமே இதைக் கற்றுக்கொண்டேன். மெமோக்களில் பாதியாவது அந்தக் கட்டத்தை நிரப்ப எழுதப்பட்டவை என்று இப்போது எனக்குச் சந்தேகமில்லை. வாங்குகிறவளுக்கு அது தெரியாது. அவள் ராத்திரி முழுக்கத் தான் செய்த தவறு என்னவென்று யோசித்துக்கொண்டிருப்பாள்.

இனி நான் எழுதிய மெமோவைச் சொல்ல வேண்டும்.

என் வார்டில் ஒரு பெண், வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. கை அப்படி ஒரு நிதானம். அவள் கானுலா போட்டால் நோயாளி டிவியிலிருந்து கண்ணெடுக்க மாட்டார். பக்கவாதத்தில் கிடந்த ஒரு நோயாளிக்கு இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போட வேண்டும், படுக்கைப்புண் வராமல் இருக்க. அதற்கு ஒரு சார்ட். இடது, மல்லாக்க, வலது என்று நேரம் போட்டுக் கையெழுத்திட வேண்டும். ஒருநாள் காலை பார்த்தால் இரவு 12க்குப் பிறகு கட்டங்கள் காலி. 2, 4, 6 மூன்றும் இல்லை. மறுநாள் ஆடிட். நான் பதறிப்போய் மெமோ எழுதினேன். "தங்கள் கவனக்குறைவு நோயாளியின் பாதுகாப்புக்கு ஊறு விளைவிக்கக் கூடியது." இந்த நடை எனக்கு எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. பத்து வருஷமாக உள்ளே எங்கோ மடித்து வைத்திருந்திருக்கிறேன்.

மறுநாள் விளக்கம் கொடுத்தாள். ஒரே வரி. "இனி இதுபோல் நேராது."

அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எழுந்து போய், அந்த நோயாளியை அட்டெண்டர் உதவியோடு ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகைப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே, வால் எலும்பு மேட்டில், இரண்டு குதிகாலிலும், எங்கேயும் சிவப்பில்லை. விரலால் அழுத்தி எடுத்தேன், வெளுத்து உடனே நிறம் திரும்பியது. பத்தொன்பது நாளாகப் படுத்த படுக்கையாகக் கிடந்தவரின் முதுகு அது. ஆறு மணி நேரம் யாரும் தொடாமல் விட்டிருந்தால் இப்படி இருந்திருக்காது. அவள் புரட்டியிருக்கிறாள், எழுத நேரமில்லாமல் போயிருக்கிறது. அன்றிரவு வார்டில் என்ன நடந்தது என்று அட்டெண்டரிடம் கேட்டேன். இரண்டு அட்மிஷன், ஒரு சாவு. அவள் தனி ஆள்.

நான் தாளைப் பார்த்தேன், முதுகைப் பார்க்கவில்லை. முதுகு முப்பதடி தூரத்தில் இருந்தது.

கதை இங்கே முடியவில்லை. அதற்குப் பிறகு அவளுடைய சார்ட்டுகள் பிரமாதமாக இருந்தன. ஒரு கட்டம் விடாமல், ஒரே சீரான எழுத்தில். ஆடிட்டர் பாராட்டினார். ஒரு மாதம் கழித்து ஒரு நைட் ரவுண்ட்ஸில், இரவு 1 மணிக்கு, ஒரு படுக்கையருகே நின்று சார்ட்டைத் திருப்பினேன். காலை 6 மணிக் கட்டத்தில் கையெழுத்து இருந்தது. 2, 4 இரண்டிலும் இருந்தது. டியூட்டி ஏறியதும் முதல் வேலையாக ராத்திரி முழுவதையும் நிரப்பி வைத்துவிட்டு, பிறகுதான் நோயாளியிடம் போகிறாள். மற்றவர்களின் சார்ட்டுகளையும் பார்த்தேன். அவர்களும் அப்படித்தான். அவளுக்கு வந்த மெமோ எல்லாருக்கும் பாடமாகியிருந்தது. காலியாக இருந்த அந்தப் பழைய மூன்று கட்டங்களாவது அன்றிரவு ஆள் போதவில்லை என்று எனக்கு ஒரு சேதி சொல்லியிருக்கும். நிரம்பிய கட்டங்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் உண்மையிலேயே யாரையாவது புரட்டாமல் விட்டுப்போனாலும் அவை இதே மாதிரி அழகாகத்தான் இருக்கும்.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்துத் தவறுகளை ஆராயப் போனார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள பிரிவுகளில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். எண்கள் தலைகீழாக வந்தன. நல்ல பிரிவுகளில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. பிறகுதான் காரணம் பிடிபட்டது: அங்கே பயமில்லாததால் தவறைச் சொன்னார்கள், மற்ற இடங்களில் மறைத்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு என் வார்டின் சார்ட்டுகள்தான் ஞாபகம் வந்தன. ஒரு மாதத்தில் என் வார்டை இரண்டாவது வகைக்கு மாற்றியிருந்தேன், ஒற்றைத் தாளால்.

சின்ன மெமோதானே, யாருக்கு என்ன ஆகிவிடும் என்பவர்களுக்கு ஒரு பெயரைச் சொல்வேன். அமின் அப்துல்லா, லண்டனில் நர்ஸாக இருந்தவர். ஒரு புகாரில் சிக்கிய சக நர்ஸுக்கு ஆதரவாக எழுதியதில் தொடங்கி, அவர் மேலேயே ஒழுங்கு விசாரணை திரும்பி, 2015 டிசம்பரில் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். 2016 பிப்ரவரியில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 2018இல் வெளியான தனி விசாரணை அறிக்கை, அவர் நியாயமாக நடத்தப்படவில்லை என்றது. அதன் பிறகு 2019 மே மாதம், பிரிட்டனின் தேசிய சுகாதார அமைப்பின் மேலிடத்திலிருந்து மருத்துவமனை நிர்வாகங்களுக்கு ஒரு கடிதம் போனது. முறைப்படி நடவடிக்கை எடுப்பதற்கு முன் அது தேவைதானா என்று யோசியுங்கள், விசாரணையில் இருப்பவரின் உடல்நலத்தையும் மனநலத்தையும் பாருங்கள் என்ற அளவில் அதன் சாரம். ஒரு மனிதர் போன பிறகு வந்த கடிதம்.

அங்கே இப்போது நிர்வாகிகளுக்கென்று ஒரு வழிகாட்டித் தாளும் இருக்கிறது. அதில் உள்ள ஒரு கேள்வி எனக்குப் பிடித்தது. விபத்துகளைப் பற்றி ஆராய்ந்த ஜேம்ஸ் ரீசன் 1997இல் எழுதிய புத்தகத்திலும் அது உண்டு. அதே படிப்பும் அனுபவமும் உள்ள இன்னொருவரை அதே நேரத்தில் அதே இடத்தில் நிறுத்தினால் அவரும் அப்படியே செய்திருப்பாரா? ஆம் என்றால் ஆளைப் பிடித்துப் பயனில்லை, இடத்தைப் பார். 3.10க்குப் பிறகு 4.40க்கு என் இடத்தில் யாரை நிறுத்தியிருந்தாலும் உட்கார்ந்திருப்பார்கள். சூப்பர்வைசரும் உட்கார்ந்திருப்பார். அவருக்கும் கால்வலி உண்டு என்று பின்னாளில் தெரிந்தது, இருபத்தைந்து வருஷம் வார்டில் நின்ற கால்.

நான் பார்த்த நல்ல இன்சார்ஜ் ஒருவர் இந்தக் கேள்வியையெல்லாம் படித்தவரில்லை. ஏதாவது விட்டுப்போயிருந்தால் முதலில் "நேத்து எத்தனை பேரு, நீங்க எத்தனை பேரு?" என்றுதான் கேட்பார். பதிலைக் கேட்டுவிட்டு, "சரி, இப்ப எழுதிடு, தாமதமா எழுதினதுன்னு பக்கத்துல போட்டுடு" என்பார். தாமதமாக எழுதியதைத் தாமதம் என்று குறிப்பிட்டு எழுதுவது எங்கள் தொழிலில் அனுமதிக்கப்பட்ட, முறையான வழிதான். ஆனால் சோம்பேறித்தனம் என்று தெரிந்தால் விடமாட்டார். ஸ்டோர் ரூமுக்கு நேரே போய் நிற்பார். மெமோ கிடையாது, அவர் நிற்பதே போதும்.

அந்தப் பெண்ணிடம் பேசினேன். மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆனது. அவள் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "பரவாயில்லை மேடம்" என்றாள், கண்ணைப் பார்க்காமல். இனிமேல் முன்கூட்டியே நிரப்ப வேண்டாம், காலியாக விடு, காலையில் நான் கேட்டுக்கொள்கிறேன் என்றேன். தலையாட்டினாள். நம்பியிருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

மெமோவைத் திரும்பப் பெற முடியுமா என்று அலுவலகத்தில் கேட்டேன். எண் போட்டுப் பதிவேட்டில் ஏறிவிட்டதாம், எடுக்க முடியாதாம். அப்படியானால் அதோடு இன்னொரு தாளை இணைக்கிறேன் என்று எழுதிக்கொண்டு போனேன். மெமோவில் குறிப்பிட்ட இரவில் வார்டில் 24 நோயாளிகள் இருந்தார்கள், இரண்டு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒருவர் மட்டும் பணியில் இருந்தார், இரண்டு அட்மிஷன், ஒரு மரணம், நோயாளியின் முதுகிலும் குதிகாலிலும் சிவப்பு இல்லை என்பதை நானே பார்த்தேன். தேதி, கையெழுத்து.

கிளார்க் வாங்கிப் படித்தார். நல்ல மனிதர். திரும்பவும் ஒருமுறை படித்தார். "மேடம், இது விளக்கமா, மெமோவா, புகாரா?"

"எதுவும் இல்லைங்க. நடந்தது."

அவளுடைய கோப்பைப் பிரித்துப் பிரிவு அட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். நியமனம், விடுப்பு, சம்பளம், ஒழுங்கு நடவடிக்கை. கடைசியில் ஒன்று இருந்தது, "இதர". அதில் ஒரு முகவரி மாற்றக் கடிதமும் தொலைந்துபோன அடையாள அட்டைக்கான விண்ணப்பமும் மட்டும் இருந்தன. "இதுல போட்டுடவா?" என்றார். துளை போடும் மெஷினைத் தேட ஆரம்பித்தார்.